முப்பத்தாறு வண்டிகள்

நான் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் வாழ்நாளிற் பெரும்பகுதி ஏட்டுச் சுவடிகளோடும் அச்சு நூல்களோடும் கழிந்தது. மோட்டார் வண்டியைப்பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், அதில் ஏறி அமர்ந்தால் ஊர்போய்ச் சேரலாம் என்பது ஒன்றே. அத்தகைய நான் ஒரு வண்டியின் வரலாற்றை எழுத முன்வந்தது வியப்பாக இருக்கலாம். அவ்வண்டியின் வரலாற்றைக் கேட்டபின்னரே என் தொழிலிற் செய்த பிழையொன்றை நான் உணர்ந்தேன், ஆதலின் எழுதுகின்றேன்.

இத்தாலி நாட்டின் வடபகுதியில் மொடேனா என்றொரு பழம்பதி உண்டு. என் மகளும் மருமகனும் அங்கே வாழ்கின்றனர். பணி ஓய்வுக்குப்பின் அவர்கள் இல்லத்தில் மூன்று திங்கள் தங்கியிருந்தேன். அண்டை வீட்டில் எண்பது அகவை கடந்த முதியவர் ஒருவர் இருந்தார். கார்களின் மேற்கூட்டைத் தகட்டால் அமைப்பதும், நசுங்கியதைத் தட்டி நிமிர்த்துவதும் அவர் செய்த தொழில். நம் ஊர்ப் பட்டறைகளில் அதனை டிங்கர் வேலை என்பர். அவர் காலைதோறும் முற்றத்து விசிப்பலகையில் அமர்ந்து, கறுப்பு அட்டையிட்ட குறிப்பேடு ஒன்றைப் புரட்டிக் கொண்டிருப்பார். ஓலையைக் கையில் வைத்திருந்த என் ஆசிரியரின் தோற்றம் எனக்கு நினைவில் வந்தது. "அவர் என்ன படிக்கிறார், அம்மா?" என்று என் பேத்தியைக் கேட்டேன். அவள் அங்குள்ள பள்ளியில் இத்தாலிய மொழியிற் பயில்பவள். "அவர் படிக்கவில்லை, தாத்தா. கார்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்" என்றாள். அமர்ந்த இடத்திலிருந்தே ஒருவர் கார்களைத் தேடுவது எங்ஙனம்? அதனை அறியும் ஆவலால் மறுநாளே அவர் பக்கத்தில் அமர்ந்தேன். அன்று முதல் பேத்தியே எங்கள் இருவருக்கும் நாவாக இருந்தாள்.

அவர் தேடிய வண்டியின் பெயர் பெராரி 250 ஜி.டி.ஓ. என்பது. மொடேனாவிற்கு அண்மையிலுள்ள மரனெல்லோ என்னும் சிற்றூரில் என்சோ பெராரி நிறுவிய தொழிற்சாலையில் அது பிறந்தது. பெயரின் பொருளை முதியவர் சொற்சொல்லாகப் பிரித்துக் காட்டினார். 'கிரான் டுரிஸ்மோ' என்றால் நெடும்பயணம். நெடுந்தொலைவை விரைவாகவும் இன்பமாகவும் கடத்தற்குரிய வண்டிகளை இத்தாலியர் அப்பெயரால் அழைப்பர். 'ஓமொலொகாட்டோ' என்றால் ஏற்பளிக்கப்பட்டது; பந்தயத்தில் ஓடுவதற்கு விதிப்படி ஒப்புதல் பெற்றது என்பது கருத்து. 250 என்பது எஞ்சினிலுள்ள ஒவ்வோர் உருளையின் கொள்ளளவு. ஏறத்தாழ 250 கன சென்டிமீட்டர். உருளைகள் 12. ஆகவே எஞ்சின் ஏறத்தாழ மூன்று லிட்டர் அளவுடையது. அதன் ஆற்றல் சுமார் 300 குதிரைத்திறன்.

அவ்வொப்புதலின் பின்னே ஒரு கதை உண்டு. நெடும்பயண வண்டி என்னும் பிரிவில் ஒரு வகை பந்தயமோட வேண்டுமாயின், ஓராண்டிற்குள் 100 வண்டிகளாவது செய்யப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அக்கால விதி. பெராரியோ 1962 முதல் 1964 வரை செய்தவை 36 மட்டுமே. இது புது வண்டியன்று. முன்னரே பலவாகச் செய்யப்பட்ட 250 ஜி.டி. என்னும் வண்டியே வேறு மேற்கூட்டோடு வந்துள்ளது என்று அவர்கள் வழக்குரைத்தனர். பந்தயங்களை ஆளும் குழுவினரும் அதனை ஏற்றனர். அதனால் 'ஏற்பளிக்கப்பட்டது' என்பது அவ்வண்டியின் பெயராகவே நிலைத்தது.

அது பெயருக்கேற்ற வண்டியாகவும் விளங்கிற்று. 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் செப்ரிங் என்னுமிடத்தில் நடந்த பன்னிரண்டு மணிநேரப் பந்தயத்தில் முதன்முறையாக ஓடியபோதே, அனைத்து வண்டிகளுள்ளும் இரண்டாவதாகவும் தன் பிரிவில் முதலாவதாகவும் வந்தது. 1962, 1963, 1964 ஆகிய மூன்றாண்டுகளிலும் அப்பிரிவின் உலகப் பட்டம் பெராரிக்கே உரியதாயிற்று. அதன் எஞ்சினைத் தாழவும் பின்தள்ளியும் பொருத்தி, மூக்கை நீட்டி, வாலைத் துணித்தாற்போல அமைத்தவர் ஜொட்டோ பிட்சாரினி என்னும் பொறியாளர். 1961-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தொழிற்சாலையைவிட்டு விலக, மௌரோ பொர்கியேரி என்னும் இளைஞர் அப்பணியை நிறைவு செய்தார். மேற்கூட்டைச் செய்தவர் மொடேனாவைச் சேர்ந்த செர்ஜோ ஸ்காலியெட்டி. அவர் பட்டறையில் அலுமினியத் தகட்டைச் சுத்தியலாற் கையாலேயே தட்டி வளைத்தனர். கையால் தட்டியதனால் ஒரு வண்டியைப்போல மற்றொன்று முற்றும் அமையவில்லை. முன்புறத்தில் காற்றுப் புகும் மூன்று அரைவட்டத் துளைகள் இருக்கும். பக்கவாட்டில் வெப்பக்காற்று வெளியேறும் பிளவுகள் சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் மூன்று. பின்புறத்தில் காற்றை அடக்கும் விளிம்பு, முந்திய வண்டிகளில் தனித்தகடாகத் திருகப்பட்டிருக்கும். பிந்தியவற்றில் உடலோடு ஒன்றியிருக்கும்.

இதனைக் கேட்டபோது நான் நிமிர்ந்து அமர்ந்தேன். ஒரே நூலின் பல ஏடுகளில் காணப்படும் பாடவேறுபாடுகளையல்லவா இவர் சொல்கிறார்! எந்த ஏடு மூத்தது, எது இளையது என்று நாங்கள் எழுத்துவடிவத்தையும் பாடத்தையும் கொண்டு முடிவு செய்வோம். அவரோ பிளவுகளையும் விளிம்புகளையும் கொண்டு முடிவு செய்கிறார். தொழில் வேறாயினும் முறை ஒன்றே.

இன்று கோடிக்கணக்கில் விலைபோகும் இவ்வண்டி எக்காலத்தும் போற்றப்பட்டதன்று. புதிதாக விற்றபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 18,000 டாலர். சில ஆண்டுகளில் வேறு விரைவு வண்டிகள் பிறந்தன, ஜி.டி.ஓ. பழைய பந்தய வண்டியாயிற்று. முன்னாளில் வெற்றி மாலை சூடியது என்பதற்காக ஓடாத குதிரைக்குக் கொள் வாங்கிப் போடுவார் யார்? உடையவர்கள் வந்த விலைக்கு விற்றனர்.

மாணவர்களே! அவற்றுள் ஒரு வண்டியின் கதை உங்களைப் போன்ற மாணவரோடு தொடர்புடையது. அவ்வண்டியின் எண் 3589. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் விக்டோரியா என்னும் ஊரிலுள்ள உயர்நிலைப்பள்ளிக்கு, 1960-களின் நடுவில் அதன் உரிமையாளர் அதனை நன்கொடையாக அளித்துவிட்டார். வண்டி பழுதுபார்க்கும் தொழில் கற்ற மாணவர்களுக்கு அது பாடப்பொருளாயிற்று. 1972-ஆம் ஆண்டு பள்ளி அதனை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஒகையோ மாநிலத்தில் தம் நிலத்திற்குக் கொண்டு சென்று, இழுவண்டியின்மேல் ஏற்றியபடியே திறந்த வெளியில் நிறுத்தினார். மழையும் பனியும் வெயிலும் பல்லாண்டுகள் அதன்மேல் மாறி மாறிப் பொழிந்தன. 1980-களின் பிற்பகுதியிலேதான் அது மீட்கப்பட்டுப் பழைய பொலிவைப் பெற்றது. அதனோடு பிறந்த 3413 என்னும் எண்ணுடைய வண்டியொன்று 2018-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 4 கோடியே 84 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. வயலில் நின்றதும் ஏலத்தில் வென்றதும் ஒரே குலத்தவை. பிறப்பால் அவற்றிடை வேற்றுமை இல்லை. கண்டறிந்து போற்றுவார் உளராதலும் இலராதலுமே வேற்றுமை.

அங்ஙனம் கண்டறியும் பணியைத் தொடங்கியவர்கள் அரசரும் அல்லர், அரசாங்கமும் அன்று. ஆர்வம் ஒன்றையே முதலாகக் கொண்ட தனிமனிதர்கள். அவர்களுள் ழெஸ் பூரே என்னும் பிரெஞ்சுக்காரர் குறிப்பிடத் தக்கவர். விலை மிகாத காலத்திலேயே தாமும் ஒரு ஜி.டி.ஓ.வை வாங்கி வைத்திருந்த அவர், 250 ஜி.டி. பந்தய வண்டிகள் ஒவ்வொன்றின் வரலாற்றையும் திரட்டி 1977-ஆம் ஆண்டு பெருநூலாக வெளியிட்டார். எங்கள் முதியவரின் குறிப்பேடும் அத்தகைய முயற்சியின் சிறு கிளையே.

குறிப்பேட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கப்பட்டிருந்தது. பக்கத்தின் தலைப்பில் ஓர் எண். எஃகுக் குழாய்களாலான அடிச்சட்டத்திற் பொறிக்கப்படுவதால் அதனைச் சேசிஸ் எண் என்பர். 3223, 3387, 3413, 3589, 3851 என எண்கள் சென்றன. அனைத்தும் ஒற்றைப்படையாக இருப்பதைப் பேத்தியே முதலிற் கண்டு கூவினாள். முதியவர் மகிழ்ந்து அவள் தலையைத் தடவினார். நெடும்பயண வண்டிகளுக்கு ஒற்றைப்படை எண்ணும், பந்தயத்திற்கென்றே பிறந்த வண்டிகளுக்கு இரட்டைப்படை எண்ணும் இடுவது அக்காலப் பெராரி வழக்கமாம். "ஆகவே, இரட்டைப்படை எண்ணைச் சொல்லி ஒருவன் ஜி.டி.ஓ. விற்க வந்தால், கதவைச் சாத்திவிடு" என்று அவளுக்கு அறிவுரையும் கூறினார்.

எண்ணின் கீழே வண்டியின் வாழ்க்கை எழுதப்பட்டிருந்தது. முதலில் வாங்கியவர் யார், எந்தப் பந்தயத்தில் என்ன எண்ணோடு, என்ன நிறத்தோடு ஓடிற்று, எங்கே மோதிற்று, எந்தப் பகுதி மாற்றப்பட்டது, எந்நாட்டிற்கு விற்கப்பட்டது, இப்போது எங்கே உள்ளது. தொழிற்சாலைப் பதிவு, பந்தயப் பட்டியல், விற்பனைச் சீட்டு, பழைய நிழற்படம் ஆகியவை சான்றுகள். நிழற்படத்திற் காணும் ஒரு தறையாணியின் இடத்தைக்கொண்டே இரண்டு வண்டிகளை வேறுபடுத்திவிடலாம் என்றார். ஆண்டுகளின் நடுவே சான்று கிடையாத இடங்களில் அவர் எதையும் எழுதவில்லை, வெற்றிடமாக விட்டிருந்தார். கண்ணாரக் கண்ட வண்டிகளுக்கு மட்டும் பக்கத்தின் மூலையில் ஒரு புள்ளி. அத்தகைய புள்ளிகள் 21 இருந்தன. ஒன்றையேனும் அவர் உடைமையாகக் கொண்டதில்லை. கொள்ள நினைத்ததும் இல்லை.

36 வண்டிகளும் ஏதேனும் ஒரு நிலையில் இன்றும் உள்ளன என்பது ஆராய்ந்தோர் முடிவு. ஆயினும், எண்ணிக்கையிலேயே இருவேறு கணக்கு உண்டு. 1962, 1963 ஆகிய ஆண்டுகளில் பழைய வடிவில் 33, 1964-இல் புதிய வடிவில் 3, ஆக 36. நான்கு லிட்டர் எஞ்சினோடு செய்யப்பட்ட மூன்று வண்டிகளையும் சேர்த்து 39 என்பாரும் உளர். அன்றியும், பழைய வடிவில் பிறந்த நான்கு வண்டிகளுக்குப் பின்னர்ப் புதிய வடிவின் மேற்கூடு போர்த்தப்பட்டது. மேற்குறித்த 3413 அந்நான்கனுள் ஒன்று. உடல் மாறியபின்னும் அஃது அதே வண்டிதானா என்று நான் வினவினேன். "மாறியதை மறைக்காதவரை அதே வண்டிதான்" என்று அவர் விடையிறுத்தார்.

அவ்விடைக்கு விளக்கமாக 3851 என்னும் எண்ணுடைய பக்கத்தைத் திறந்து காட்டினார். ஆன்ரி ஒரையே என்னும் பிரெஞ்சு வீரர் 1948-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விளையாட்டில் பனிச்சறுக்கில் இரண்டு பொற்பதக்கங்கள் பெற்றவர். அவர் பின்னர் மோட்டார்ப் பந்தயத்தில் ஈடுபட்டு, 1962-ஆம் ஆண்டு அக்டோபரில் பாரிசுக்கு அருகிலுள்ள மொந்லேரி பந்தயத்தடத்தில் இவ்வண்டியை ஓட்டுகையில் விபத்துற்று உயிர் நீத்தார். சிதைந்த வண்டி செப்பனிடப்பட்டது, மீண்டும் ஓடிற்று. 1965-ஆம் ஆண்டு பப்ரீட்சியோ வியொலாட்டி என்னும் இத்தாலியர் அதனை வாங்கி, 2010-இல் தாம் இறக்கும்வரை பேணினார். 2014-ஆம் ஆண்டு அது 3 கோடியே 81 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. விற்றோர் அவ்விபத்தை மறைக்கவில்லை. வாங்கினோர் அதனை வெறுக்கவும் இல்லை. வடு இருப்பது குறையன்று. வடு இல்லையெனப் பொய் கூறுவதே குறை.

பொய்யினால் விளையும் கேட்டினையும் முதியவர் கூறினார். 250 ஜி.டி.இ. என்பது அதே காலத்தில் பெராரி செய்த, நால்வர் அமரும் வண்டி. 1960 முதல் 1963 வரை ஏறத்தாழ 950 செய்யப்பட்டன. ஜி.டி.ஓ.வின் விலை ஏறத்தொடங்கியதும், சிலர் இந்த நல்ல வண்டிகளை வாங்கி, மேற்கூட்டை அறுத்தெறிந்து, அடிச்சட்டத்தைக் குறுக்கி, ஜி.டி.ஓ. போன்ற கூட்டைப் போர்த்தினர். அழகிய போலி ஒன்று பிறப்பதற்காக மெய்யான வண்டியொன்று மாண்டது. அவ்வடிவம் கலைப்படைப்பாகக் கருதிக் காக்கத் தக்கது என்று பொலோஞா நகர நீதிமன்றம் 2019-ஆம் ஆண்டு கூறியது. ஆயினும், அதற்கு முன்னரே அறுபட்ட வண்டிகள் மீளா. "போலியைச் செய்தவனும் என்னைப்போல் தகடு தட்டுபவன்தான். அவன் கை என் கையினும் திறமுடையதாகவும் இருக்கலாம். அதுதான் எனக்குத் துயரம்" என்றார் முதியவர்.

பின்பு அவர் உள்ளே சென்று பழைய கதவுத்தகடு ஒன்றைக் கொணர்ந்தார். பணிபயிலும் இளைஞருக்குக் காட்டுவதற்காக வைத்திருந்தது அது. துருப்பிடித்த கீழ்ப்பகுதியை நீக்கிப் புதுத்தகட்டை ஒட்டியிருந்தார். வெளிப்புறத்தில் ஒட்டிய இடம் தெரியவே இல்லை. விரலால் தடவியும் எனக்குப் புலப்படவில்லை. உட்புறத்தைத் திருப்பினார். ஒட்டின் நெடுகிலும் சிறு புள்ளிகளும், பழுதுபார்த்த ஆண்டும் உளியாற் பொறிக்கப்பட்டிருந்தன.

"இவ்வளவு நேர்த்தியாக மறைத்துவிட்டு, அதனை நீங்களே ஏன் காட்டிக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"கண்ணுக்கு மறைக்கலாம், கணக்கிற்கு மறைக்கக் கூடாது. எனக்குப்பின் இதனைத் திறப்பவனுக்கு, பழையது எதுவரை, நான் எதுமுதல் என்று தெரியவேண்டுமல்லவா?" என்றார்.

பேத்தி அதனைத் தமிழிற் சொல்லி முடித்தபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க இயலவில்லை. நாற்பதாண்டுகளாக நெஞ்சின் அடியிற் கிடந்த ஒரு செய்தி மேலெழுந்து வந்தது.

என் இருபத்தைந்தாம் அகவையில், சிற்றூர்க் கோயிலொன்றின் தலபுராணச் சுவடியைப் பெயர்த்தெழுதும் பணியை என் ஆசிரியர் எனக்கு அளித்தார். ஒரு செய்யுளின் ஈற்றடிகள் இரண்டும் செல்லரித்துப் போயிருந்தன. வெற்றிடமாக விட எனக்கு மனம் வரவில்லை. யாப்புப் பயிற்சி மிக்கிருந்த இளமைச் செருக்கினால் அவ்விரண்டடிகளையும் நானே பாடிச் சேர்த்தேன். எதுகைக்காகத் தாமரைக் குளம் ஒன்றையும் அதில் வைத்தேன். அடையாளம் எதுவும் இடவில்லை. ஆசிரியர் கண்பார்வை குன்றியிருந்தார். படிக்கக் கேட்டு, "நல்ல பாட்டு" என்றார். நான் மகிழ்ந்தேன். சில ஆண்டுகளில் சுவடியும் நைந்து அழிந்தது. என் படியே மூலமாயிற்று. பின்னர் அவ்வூர் வரலாற்றை எழுதிய ஓர் அன்பர், புராணத்தைச் சான்று காட்டி, அங்கே பண்டைக் காலத்தில் தாமரைக் குளம் இருந்ததென எழுதினார். ஊரார் அக்குளம் தூர்ந்த இடத்தைத் தேடலாயினர். பாராட்டு விழாவொன்றில் அவ்விரண்டடிகளையே ஒருவர் எடுத்தோதி, பழம்புலவரின் நயத்தை வியந்தபோது முன்வரிசையில் அமர்ந்திருந்த நான் வாய் திறக்கவில்லை. வெட்கமும் ஓரளவு பெருமையுமாக அமர்ந்திருந்தேன்.

மெய்யான வண்டியை அறுத்துப் போலி செய்தவரை எண்ணிச் சற்றுமுன் நான் சினந்தேன். அவர் கெடுத்தது இரும்பை. நான் கெடுத்தது சான்றை. இதனுள் யாருடைய பிழை பெரிது?

அன்றிரவே அவ்வூர் வரலாறு எழுதிய அன்பருக்கு மடல் எழுதினேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதி, பொறுத்தருள வேண்டினேன். ஊர் திரும்பியபின் அவர் என்னைக் காண வந்தார். முதலிற் சிறிது நேரம் அவர் பேசவில்லை. "ஐயா, அந்தக் குளத்தைத் தேடி என் தந்தையாரும் நானும் இரண்டு கோடைக்காலம் நடந்தோம்" என்றார். அச்சொல்லில் சினம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு இருவரும் சேர்ந்தே அடுத்த பதிப்பிற்குரிய திருத்தத்தை எழுதினோம்.

மொடேனா முதியவர் இன்றும் தம் குறிப்பேட்டைப் புரட்டி வருகிறார் என்று பேத்தி எழுதுகிறாள். புள்ளிகள் 22 ஆகிவிட்டனவாம். புராணத்தின் புதிய பதிப்பு என் மேசைமேல் உள்ளது. அச்செய்யுளின் முதலிரண்டடிகளுக்குக் கீழே என் பாட்டு இல்லை. எழுத்தில்லாத இடத்தில் ஒரு வரிசைப் புள்ளிகள் இருக்கின்றன.